கடல்நீர் முதல் அடிபம்பு வரை: வாசகர் கேள்விகள்

போன இதழில் வீட்டு ஆர்ஓ பற்றி நாலு வரி எழுதியதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் தமிழ்நாட்டில் தண்ணீர் பற்றிக் கவலைப்படாதவர் யாரும் இல்லை போலிருக்கிறது. அதனால் இந்த முறை முழுக்கத் தண்ணீர்தான். பலர் பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருந்ததால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

திருவான்மியூர் வாசகி: எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது. கீழே பார்த்தால் தண்ணீர் லாரிக்கு வரிசை தெரிகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் வித்தைதான் வந்துவிட்டதே, அப்புறம் ஏன் இந்த நிலைமை?

வித்தை வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1960-ஐ ஒட்டி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து, தண்ணீரை விட்டுவிட்டு உப்பை மட்டும் தடுக்கிற, வேலைக்கு ஆகிற வேகத்தில் தடுக்கிற ஒரு மெல்லிய சவ்வைச் செய்து காட்டினார்கள். இன்று உங்கள் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்ஓ டப்பாவும், சென்னைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கித் தரும் மீஞ்சூர் நிலையமும் அந்த ஒரே வேலையின் வாரிசுகள்தான்.

சிக்கல் எங்கே என்றால், ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பு தண்ணீரை விடாமல் பிடித்து வைத்திருக்கும் பிடி, காற்றழுத்தத்தைப் போல 27 மடங்கு. அதை மீறித் தள்ளினால்தான் சவ்வின் மறுபக்கம் நல்ல தண்ணீர் சொட்டும், அதுவும் நகரத்துக்குப் போதுமான வேகத்தில் வர வேண்டுமென்றால் 55 முதல் 70 மடங்கு வரை அழுத்த வேண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று வெறும் இரண்டு சொச்சம் மடங்கு, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தள்ளலுக்குத்தான் கரண்ட் போகிறது. ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்தாலும் சுமார் 1 யூனிட்டுக்குக் கீழே போகவே முடியாது என்று இயற்பியல் கோடு போட்டு வைத்திருக்கிறது, ஆகவே இனி யாராவது வந்து பத்தில் ஒரு பங்கு கரண்டில் செய்து காட்டுகிறேன் என்றால் நம்பிப் பணம் போட்டுவிடாதீர்கள்.

சரி, 4 யூனிட் அதிகமா? ஒரு வீட்டுக்கு நாளைக்கு 500 லிட்டர் என்று வைத்தால் 2 யூனிட், ஒரு ஏசி இரண்டு மணி நேரம் ஓடுகிற மாதிரிதான். வீட்டுக் கணக்கில் சின்னது, ஊர்க் கணக்கில் அப்படி இல்லை. நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் ஒரு நிலையம் தினமும் மூன்றரை லட்சம் யூனிட் சாப்பிடும். காட்டுப்பள்ளியில் 2010-ல் வந்த மீஞ்சூர் நிலையமும் 2013-ல் வந்த நெம்மேலி நிலையமும் தலா இந்த அளவுதான். நெம்மேலியிலேயே 2024-ல் இன்னொரு 15 கோடி லிட்டர் நிலையம் சேர்ந்தது, பேரூரில் 40 கோடி லிட்டருக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஆக, கடல்தண்ணீர் ஏற்கெனவே நகரத்துக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் தெருவுக்கு வராததற்குக் காரணம் பெரும்பாலும் சவ்வு இல்லை. குழாய், அழுத்தம், பழைய இணைப்பில் கசிவு, எந்தப் பகுதிக்கு எந்த நிலையத்தின் தண்ணீர் என்று பிரித்த விதம், இதெல்லாம்தான். ஆனால் புது நிலையத்துக்கு நாடா வெட்டுகிற விழாவுக்கு வருகிற கூட்டம் பழைய குழாயில் கசிவு அடைப்பதைப் பார்க்க வராதே.

யாரும் கேட்காத ஒரு பங்கும் இருக்கிறது. நூறு லிட்டர் கடல்நீர் உள்ளே போனால் நாற்பது, நாற்பத்தைந்து லிட்டர்தான் நல்ல தண்ணீராக வரும். மிச்சம் ஏறத்தாழ இரு மடங்கு உப்போடு, அதில் சேர்த்த ரசாயனங்களின் மிச்சத்தோடு, திரும்பக் கடலுக்கே போகும். அதைக் கரையிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், பல துளைகள் வழியாகச் சிதறடித்து விட்டால் சீக்கிரம் கலந்துவிடும். அப்படிச் செய்யாவிட்டால் கனமான அந்த உப்புநீர் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், அடியில் வாழும் உயிர்களுக்கு அது நல்லதில்லை. நெம்மேலி பக்கத்து மீனவர்கள் கரை அரிப்பு பற்றியும் மீன் பற்றியும் கேள்வி எழுப்பியபோது நகரத்தில் நாம் அதை ஒரு தடங்கலாகத்தான் பார்த்தோம். நம் குடத்தில் விழும் தண்ணீரின் செலவில் ஒரு பகுதியை அவர்கள் கட்டுகிறார்கள் என்றால் அதை அளந்து பார்த்துக் கணக்கில் எழுத வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்வது.

தூத்துக்குடி வாசகர்: சவ்வும் வேண்டாம், ரசாயனமும் வேண்டாம். கடல்நீரைக் காய்ச்சி ஆவியைப் பிடித்தால் சுத்தமான தண்ணீர்தானே? உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவன் கேட்கிறேன்.

உப்பளத்தில் வெயில் இலவசம், ஆவியையும் யாரும் பிடிப்பதில்லை. அடுப்பு வைத்துக் காய்ச்சினால் ஆயிரம் லிட்டரை ஆவியாக்க மட்டும் 600 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். வளைகுடா நாடுகளில் பல அடுக்குகளாக வைத்து ஒரே வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள், எண்ணெய் நிறைய இருந்ததால் தாங்கியது.

ஆனால் நீங்கள் கேட்டதற்கு ரொம்பக் கிட்டத்தில் ஒரு வேலை நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், லட்சத்தீவின் கவரத்தியில் 2005-ல் நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும் நிலையம் ஒன்றைக் கட்டியது. அங்கே தண்ணீரைக் காய்ச்சுவதே இல்லை. ஒரு அறையில் காற்றை உறிஞ்சி அழுத்தத்தை நாற்பதில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிட்டால் தண்ணீர் 20 சொச்சம் டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். மேல்மட்டக் கடல்நீரே 28 டிகிரி இருக்கிறதே, அது உள்ளே வந்ததும் ஒரு சிறு பகுதி தானாக ஆவியாகிறது. அந்த ஆவியைக் குளிர வைக்க, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து 12, 13 டிகிரி குளிர்நீரைக் குழாய் போட்டு மேலே கொண்டு வருகிறார்கள். சவ்வும் கிடையாது, செறிவான கழிவு உப்பும் கிடையாது. 2011-ல் மினிக்காய், அகத்தியிலும் இதே மாதிரி நிலையங்கள் வந்தன. அதுவரை அங்கே மழைநீரும், உப்பு ஏறிக்கொண்டிருந்த கிணறுகளும்தான்.

அப்புறம் ஏன் தூத்துக்குடிக்கு வரவில்லை என்று கேட்பீர்கள். பவளத் தீவுகளில் கரையை விட்டுச் சில நூறு மீட்டர் போனாலே கடல் செங்குத்தாக இறங்கிவிடும். நம் பக்கம் அப்படி இல்லை. சென்னைக்கு அந்த ஆழம் வேண்டுமென்றால் நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். 2007-ல் அப்படியே போய் ஒரு மிதவையில் வைத்து நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர் அளவுக்குச் செய்தும் பார்த்தார்கள், வந்தது, ஆனால் நடுக்கடலில் மிதவையைக் கட்டிப் போட்டுக் குழாயைத் தொங்கவிட்டுக் காலமெல்லாம் பராமரிப்பது வேறு கதை. அனல்மின் நிலையத்திலிருந்து வரும் வெந்நீரை வைத்துக் கரையிலேயே செய்யலாம் என்று வடசென்னையிலும் சோதித்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அனல்மின் நிலையம் இருக்கிறது, ஆகவே உங்கள் கேள்வியை அந்தப் பக்கம் திருப்பினால் அர்த்தம் இருக்கும்.

தருமபுரி வாசகி: என் இரண்டு பையன்களுக்கும் பல்லில் காவிக் கறை. போர் தண்ணீரில் ஃப்ளோரைடு என்கிறார்கள். காய்ச்சிக் கொடுத்தால் போய்விடுமா? இதற்கு ஒரு மருந்தும் கண்டுபிடிக்கவில்லையா?

முதலில் அவசரமானது: காய்ச்சாதீர்கள், அதாவது ஃப்ளோரைடுக்காகக் காய்ச்சாதீர்கள். கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற ஃப்ளோரைடு செறிவாகத்தான் ஆகும்.

இது உங்கள் பகுதிப் பாறையிலிருந்து வருவது. யாரோ கொட்டிய விஷம் இல்லை. பாறையில் இருக்கும் கனிமத்திலிருந்து ஃப்ளோரைடு மெல்லக் கரைகிறது, சோடியம் கூடி கால்சியம் குறைந்த தண்ணீரில் இன்னும் நன்றாகக் கரைகிறது. பல ஊர்களில் போரை ஆழமாக்க ஆக்க, தண்ணீர் பாறையோடு கூடுதல் காலம் கிடந்து வருவதால் அளவு ஏறுகிறது. நம் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால், ஈறுக்குள் பல் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயது வரை, எனாமலில் கறை விழும். அந்தக் கறை திரும்ப மாறாது, பல் மருத்துவர் அழகுக்காக மேலே ஏதாவது செய்யலாம், அவ்வளவுதான். பல வருஷம் கூடுதலாகக் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இந்த நோயை மருத்துவ உலகம் இந்தியாவில் முதலில் எழுதி வைத்தது 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில். ஆக இது புது விஷயமே இல்லை.

மருந்து கண்டுபிடித்தார்களா என்றால், நோய்க்கு இல்லை, தண்ணீருக்குக் கண்டுபிடித்தார்கள். நாக்பூரில் இருக்கும் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், நீரி என்பார்கள், 1970களில் படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் மூன்றையும் அளவாகக் கலந்து ஃப்ளோரைடைப் படிய வைக்கும் முறை ஒன்றைத் தந்தது. நல்கொண்டா முறை என்று பெயர். வாளியில் கூடச் செய்யலாம், செலவு மிகக் குறைவு. ஆய்வகத்தில் பிரமாதமாக வந்தது. ஊருக்குள் வந்தபோது என்ன ஆனது என்றால், படிகாரம் எவ்வளவு போட வேண்டும் என்பது தண்ணீருக்குத் தண்ணீர் மாறும், கோடையில் ஒரு அளவு, மழைக்கு அப்புறம் ஒரு அளவு, கூடப் போட்டால் அலுமினியம் தண்ணீரில் தங்கும், குறையப் போட்டால் ஃப்ளோரைடு தங்கும், தினமும் கலக்க ஒருவர் வேண்டும், அடியில் சேரும் சேற்றைக் கொட்ட இடம் வேண்டும். பெரும்பாலும் அந்தக் கலக்குகிற ஆள் அம்மாதான். காலையில் இரண்டு பையன்களைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே படிகாரமும் அளக்க வேண்டும் என்றால் எத்தனை நாள் நடக்கும்? அலுமினா நிரப்பிய வடிகட்டியும் வந்தது. அது நிறைந்ததும் அமிலமும் காரமும் விட்டுக் கழுவிப் புதுப்பிக்க வேண்டும், அதைச் செய்ய ஆள் வராமல் பல ஊர்களில் வடிகட்டி சும்மா நின்றது.

அதனால்தான் உங்கள் மாவட்டத்துக்கு வந்த பெரிய தீர்வு வேதியியலாக வரவில்லை, குழாயாக வந்தது. ஜப்பான் கடனுதவியோடு 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டு வருகிறது. ஃப்ளோரைடை எடுப்பதற்குப் பதில், ஃப்ளோரைடு இல்லாத தண்ணீரைக் கொண்டு வந்துவிடுவது. நீங்கள் செய்ய வேண்டியது: குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், குளிக்கத் துவைக்கப் போர் தண்ணீர் போதும், தோல் வழியாக அது உள்ளே போகாது. வீட்டு ஆர்ஓவும் ஃப்ளோரைடைக் கணிசமாகக் குறைக்கும். கட்டன் டீயைக் குறைத்துக்கொள்ளுங்கள், தேயிலையிலும் ஃப்ளோரைடு உண்டு. அப்புறம் ஒரு சந்தோஷச் செய்தி, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் சில சிறுவர்களை வைத்துச் செய்த சின்ன ஆய்வில், புளி சாப்பிட்டால் சிறுநீரில் ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறுவதாகப் பார்த்திருக்கிறார்கள். இதை நம்பி போர் தண்ணீரைத் தொடர வேண்டாம். ஆனால் ரசம் வைக்க இன்னொரு காரணம் கிடைத்ததாக வைத்துக்கொள்ளலாம்.

தாம்பரம் வாசகர்: ஆர்ஓ விற்க வந்தவர் எங்கள் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு ஸ்விட்ச் போட்டார். தண்ணீர் பழுப்பாக, கசடு கசடாக ஆகிவிட்டது. அவருடைய ஆர்ஓ தண்ணீரில் ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவு அழுக்கா எங்கள் தண்ணீர்?

அழுக்கு தண்ணீரில் இல்லை, கம்பியில். இரும்புக் கம்பி மின்சாரத்தில் கரைந்து துருவாக மிதக்கிறது. உப்பு இருக்கும் தண்ணீரில் மின்சாரம் பாயும், அதனால் கம்பி கரையும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, கம்பி ஏறத்தாழ அப்படியே இருக்கும். இளநீரில் அந்தக் கம்பியை விட்டால் இன்னும் அசிங்கமாக ஆகும், அதற்காக இளநீரை யாரும் கொட்டுவதில்லை.

டிடிஎஸ் மீட்டரும் இதே மாதிரிதான். மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து உப்பின் மொத்த அளவை ஊகிக்கிறது. அதில் கிருமி தெரியாது, ஆர்செனிக் தெரியாது, பூச்சிமருந்து தெரியாது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்பது நம் தர நிர்ணயம். உங்கள் அளவு 500-க்குக் கீழே இருந்து, ஃப்ளோரைடு, ஆர்செனிக் மாதிரி வேறு சிக்கலும் இல்லையென்றால் ஆர்ஓ தேவையே இல்லை, சாதாரண வடிகட்டியும் கொதிக்க வைப்பதும் போதும். 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் இந்த அளவுக்குக் கீழே ஆர்ஓ வேண்டாம் என்றுதான் சொன்னது, காரணம் அது வீணாக்கும் தண்ணீர். வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் தர இரண்டு, மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு விடுகிறது. அந்தக் குழாயை ஒரு வாளியில் விட்டுத் தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறும்.

வேளச்சேரி வாசகர்: சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து நம்மையே குடிக்க வைக்கப் போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. அறிவியல் என்ற பெயரில் இப்படியும் செய்வார்களா?

செய்கிறார்கள். நமீபியாவின் தலைநகர் விண்டுக்கில் 1968-லிருந்து செய்கிறார்கள். பாலைவனத்து ஊர், பக்கத்தில் ஆறு இல்லை, கடலும் வெகு தூரம், கழிவுநீரைப் பல படிகளில் சுத்தம் செய்து மற்றத் தண்ணீரோடு கலந்து நேரடியாகக் குழாயில் விடுகிறார்கள், அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. சிங்கப்பூர் 2003-ல் நியூவாட்டர் நிலையங்களைத் திறந்தது. அதில் பெரும் பகுதி சிப் தொழிற்சாலைகளுக்கும் குளிரூட்டும் வேலைக்கும் போகிறது, ஒரு பகுதி மட்டும் ஏரிகளில் கலந்து, மறுபடி சுத்திகரிக்கப்பட்டு வீட்டுக்கு வருகிறது. கலிபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில் 2008-லிருந்து சுத்தம் செய்த தண்ணீரை நிலத்தடியில் இறக்கி, கிணறு வழியாகத் திரும்ப எடுக்கிறார்கள்.

நீங்கள் அருவருப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஆற்றங்கரை ஊரில் இருப்பவர் குடிப்பது எது என்று யோசித்துப் பாருங்கள், மேலே இருக்கும் ஊர்களின் சாக்கடை பல இடங்களில் அப்படியே ஆற்றில்தான் விழுகிறது. அங்கே ஒரு சவ்வும் இல்லை, யாரும் அளப்பதும் இல்லை, ஆறு என்ற பெயர் இருப்பதால் நமக்கு உறுத்துவதில்லை.

சென்னையில் பெரிய அளவில் நடப்பது குடிநீருக்கு இல்லை. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-ல் தலா நாலரைக் கோடி லிட்டர் அளவில் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை, ஆர்ஓ வரை, சுத்தம் செய்யும் நிலையங்கள் வந்தன. ஒன்றின் தண்ணீர் மணலித் தொழிற்சாலைகளுக்கும், இன்னொன்றின் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமும் போகிறது. அதே ஆண்டுதான் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி வருஷத்தில் ஒரு கார் தொழிற்சாலை பாய்லருக்கும் பெயின்ட் கழுவவும் ஏரித் தண்ணீரை எடுக்காமல் இருந்தால் அந்தத் தண்ணீர் உங்களுக்குத்தான் மிச்சம்.

கணக்கும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. கழிவுநீரில் உப்பு கடல்நீரைப் போல இல்லை, மிகக் குறைவு, ஆகவே அழுத்தம் குறைவு, கரண்ட் கடல்நீருக்கு ஆவதில் பாதிக்கும் கீழே. மழை பொய்த்தாலும் சாக்கடை பொய்க்காது. கடல்நீர் நிலையத்துக்கு முன்னால் நகரம் இதைத்தான் முழுசாகச் செய்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. குடிநீராக்குவதை இப்போதைக்கு நானும் கேட்கமாட்டேன். காரணம் அருவருப்பு இல்லை. அதற்கு இரவும் பகலும் அளந்து, அளந்ததை அன்றன்றே மக்கள் முன்னால் வைக்கும் ஒரு பழக்கம் வேண்டும். சிங்கப்பூருக்கு அது இருக்கிறது. நம் நிலையங்கள் முதலில் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் தண்ணீரின் அளவீட்டைத் தினமும் வெளியிட்டுப் பழகட்டும்.

தேனி வாசகர்: வைகை அணையில் தெர்மாகோல் விட்டதை எல்லாரும் இன்னமும் கிண்டல் செய்கிறோம். உண்மையிலேயே அதில் அறிவியல் உண்டா, இல்லையா?

யோசனையில் உண்டு, தெர்மாகோலில் இல்லை.

2017 ஏப்ரலில் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி மிதக்க விட்டார்கள், சில நிமிஷத்தில் காற்று எல்லாவற்றையும் கரையில் கொண்டுவந்து குவித்துவிட்டது. நீர்ப்பரப்பை மூடினால் ஆவியாவது குறையும் என்பதில் சந்தேகமே இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2015-ல் ஒரு நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கறுப்புப் பந்துகளைக் கொட்டியது. அவற்றுக்கும் தெர்மாகோலுக்கும் வித்தியாசம், பந்துக்கு உள்ளே கொஞ்சம் தண்ணீர் அடைத்து எடை ஏற்றியிருந்தார்கள், காற்று தூக்கவில்லை. அவர்கள் முதலில் பயந்தது ஆவியாவதற்கு இல்லை, வெயிலும் குளோரினும் சேர்ந்து தண்ணீரில் இருக்கும் புரோமைடை புரோமேட் என்ற கெட்ட பொருளாக மாற்றுவதற்கு. ஆவி குறைந்தது உபரி லாபம். பின்னால் சிலர் கணக்குப் போட்டு, அத்தனை பிளாஸ்டிக் பந்தைச் செய்யவே நிறையத் தண்ணீர் செலவாகியிருக்கிறது, அதை ஈடுகட்டப் பந்துகள் நெடுநாள் மிதக்க வேண்டும் என்றும் காட்டினார்கள்.

இன்னொரு வழி, நீரின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுக்குப் படரும் ஒருவகைக் கொழுப்பு ஆல்கஹால். ஆஸ்திரேலியாவில் 1950களிலேயே செய்தார்கள். அமைதியான குட்டையில் வரும், காற்றடித்தால் ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும். நம் ஊருக்கு ஏற்றதாக எனக்குத் தோன்றுவது குஜராத் செய்தது. 2012-ல் மெஹ்சானா மாவட்டம் கடியில் நர்மதைக் கால்வாயின் மேல் 750 மீட்டர் நீளத்துக்கு சோலார் தகடு போட்டார்கள், ஒரு மெகாவாட். நிலம் கையகப்படுத்த வேண்டாம், கீழே தண்ணீர் நிழலில் ஓடும், மேலே கரண்ட். செலவு தரையில் போடுவதைவிடக் கூடுதல், கால்வாயைத் தூர்வாருவதும் தொந்தரவு.

சிவகங்கை வாசகர்: மேகத்தில் உப்புத் தூவி மழை பெய்விக்கலாமா?

மேகம் இருந்தால். இல்லாத மேகத்தை எந்த விமானமும் உண்டாக்காது. 1946-ல் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர் உலர்பனியைத் தூவித் தொடங்கி வைத்தார், அடுத்து வெள்ளி அயோடைடு வந்தது. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018, 2019-ல் மழை மறைவுப் பகுதியான சோலாப்பூரில் ஒழுங்காகச் சோதித்தது. தூவிய மேகம், தூவாத மேகம் என்று பிரித்து ஒப்பிட்டதில் நூறு சதுர கிலோமீட்டர் அளவில் சுமார் 18 சதவீதம் கூடுதல் மழை. 2025 அக்டோபரில் டெல்லியில் புகைமூட்டத்தைக் கழுவ முயன்றார்கள், காற்றில் போதுமான ஈரம் இல்லை, சொல்லும்படி மழையும் இல்லை. வறட்சி வந்த பிறகு மேகத்தைத் தேடிப் போவதைவிட உங்கள் மாவட்டக் கண்மாய்களின் வரத்துக்கால்வாயைத் தேடிப் போகலாம்.

திருப்பூர் வாசகர்: சாயக் கழிவுநீரை வெளியே விடாமல் நாங்கள்தான் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' செய்துவிட்டோமே, இன்னும் ஏன் திட்டுகிறீர்கள்?

திட்டவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு உங்கள் ஊர் செய்தது சாதாரண வேலை இல்லை. நொய்யலில் பாய்ந்த சாயநீரில் கண்ணுக்குத் தெரிந்த நிறத்தைவிட, தெரியாத உப்புதான் பெரிய சேதம் செய்தது. பருத்தியில் சாயம் ஏற ஒவ்வொரு லிட்டருக்கும் பல பத்து கிராம் உப்பு போட வேண்டும், அது துணியில் தங்காது, முழுக்கத் தண்ணீரோடு வெளியே வரும். ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு என்று கட்டப்பட்டது, கடைசியில் அதில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்ஓ போட்டு, மிச்சத்தைக் கொதிக்க வைத்து, தண்ணீரையும் உப்புக் கரைசலையும் மறுபடி சாயத்துக்கே அனுப்புகிறீர்கள். உலகத்தில் இந்த அளவில் செய்த ஜவுளி ஊர்கள் மிகக் குறைவு.

ஆனால் ஜீரோ என்பது ஜீரோ இல்லை, உங்களுக்கும் தெரியும். எதற்கும் ஆகாத கலப்பு உப்பு ஷெட்டுகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, கொதிகலனுக்கு விறகும் நிலக்கரியும் எரிகிறது. தண்ணீரே இல்லாமல் அழுத்திய கரியமில வாயுவில் சாயமேற்றும் இயந்திரம் நெதர்லாந்தில் வந்திருக்கிறது, பாலியஸ்டருக்கு நன்றாக வேலை செய்கிறது, பருத்திக்கு இன்னும் சரியாக வரவில்லை. குறைந்த உப்பில் ஏறும் சாயங்கள்தான் உடனடியாகக் கைக்கு எட்டுவது. இந்தச் செலவையெல்லாம் உங்கள் தலையில் கட்டிவிட்டு டி-ஷர்ட் விலையைக் குறைக்கச் சொல்லும் வெளிநாட்டு வாங்குவோரைத் திட்டலாம், அதற்கு நான் கூட வருகிறேன்.

செய்யாறு வாசகர்: தெருவுக்கு ஒன்றாக இருந்த அடிபம்பு எல்லாம் போய்விட்டது. அது என்ன பெரிய தொழில்நுட்பம் என்று பேரன் கேட்கிறான்.

பேரனிடம் சொல்லுங்கள், அதன் பெயர் இந்தியா மார்க் 2. உலகத்தில் அதிகம் பரவிய கைப்பம்புகளில் அதுவும் ஒன்று. 1970களின் தொடக்கத்தில் கிராமங்களில் வைத்திருந்த வார்ப்பிரும்புப் பம்புகள் ஒரு குடும்பம் அடிப்பதற்காகச் செய்த மாதிரிகள். இங்கே ஒரு ஊரே நாள் முழுக்க அடித்ததும் உடைந்து விழுந்தன. மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் ஒரு பட்டறையில் உருவான பம்பை அடிப்படையாக வைத்து, யுனிசெஃபும் அரசும் சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலையும் சேர்ந்து புது மாதிரி செய்தார்கள், கோயம்புத்தூர்ப் பகுதிக் கிராமங்களில் வைத்துச் சோதித்தார்கள், 1977-ல் உற்பத்தி தொடங்கியது. கைப்பிடியில் பால் பேரிங், கம்பியோடு இணைக்க ஒரு சங்கிலி, எஃகுத் தகட்டில் உடல், சாதாரணப் பட்டறையில் செய்யக்கூடிய பாகங்கள். காப்புரிமை போட்டு யாரும் பூட்டி வைக்காததால் லட்சக்கணக்கில் பெருகி ஆப்பிரிக்கா வரை போனது.

குறையும் உண்டு. அடியில் வாஷர் தேய்ந்தால் மொத்தக் குழாயையும் மேலே தூக்க வேண்டும், வண்டியும் நாலைந்து ஆளும் வேண்டும். அதற்குத்தான் பின்னால் மார்க் 3 வந்தது, அதில் வாஷரை மட்டும் மேலே இழுத்து மாற்றலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் புளிப்புத் தன்மையுள்ள தண்ணீர் குழாயை அரித்துச் சிவப்பாகக் கொட்டியது. வங்கதேசத்தில் இன்னொரு வகைக் கைப்பம்பால் பெரிய துயரமே நடந்தது. குளத்துநீரின் வயிற்றுப்போக்கிலிருந்து காப்பாற்ற லட்சக்கணக்கில் குழாய்க்கிணறு போட்டார்கள், 1993-ல்தான் அதில் ஆர்செனிக் இருப்பது உறுதியானது. அப்புறம் ஒவ்வொரு பம்பையும் சோதித்து, நல்லதற்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு வண்ணம் அடித்தார்கள். பல குடும்பங்கள் பக்கத்துப் பச்சைப் பம்புக்கு மாறின. அங்கே எந்த வடிகட்டியையும்விட அதிகம் பேரைக் காப்பாற்றியவற்றில் அந்தப் பெயின்ட் டப்பாவும் ஒன்று என்று நினைக்கிறேன்.

உங்கள் தெருப் பம்பைத் திரும்பக் கேட்டு கிராம சபையில் மனு கொடுக்கலாம். நீர்மட்டம் ஐம்பது மீட்டருக்குக் கீழே போயிருந்தால் மட்டும் கேட்காதீர்கள், அந்த ஆழத்துக்குச் சாதாரண மார்க் 2 சரிப்படாது.

மயிலாப்பூர் வாசகி: மழைநீர்த் தொட்டி 2003-ல் கட்டினது. இன்னும் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்றால் அடைத்திருக்கிறது. கல்லையும் மணலையும் எடுத்துக் கழுவிக் காயவைத்து, ஐப்பசிக்கு முன்னால் திரும்பப் போடச் சொல்லுங்கள். நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு நூறு லிட்டர் விழும், சென்னைக்கு வருஷத்தில் சுமார் 1400 மில்லிமீட்டர், பெருக்கிக்கொள்ளுங்கள். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், அதில் மாடியில் சேர்ந்த புறா எச்சமெல்லாம் வரும்.